லிஃப்டின் இணைக் கலைஞர்

அன்று மாலை எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். வராதவர்கள்கூட வந்திருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

நான் இருந்தேன். நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், எங்கள் குடும்பத்துக்கு இன்று மூத்த ஆண். என் அக்கா இருந்தாள். பஸ் ஓட்டும் என் தம்பி, சீருடையைக்கூட மாற்றாமல் இருந்தான். மக்கள் கலை மையத்தின் இயக்குநர் அம்மாளும் அவருடைய கலைஞரும் இருந்தார்கள். கீழ்வீட்டுத் தையல்காரர் இருந்தார். இரண்டாம் மாடி மருந்துக்கடைக்காரர் இருந்தார். தம்பி மகளைத் தம் மகனுக்குக் கேட்டிருந்தவர். லிஃப்ட் மெக்கானிக் இருந்தான். மற்ற வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒருவர். எதிர்ச்சாரி நூல்கடைக்காரி வாசற்படியில் நின்றாள். அவள் உள்ளே இருந்தாளா வெளியே இருந்தாளா என்பதை வைத்துத்தான் பிறகு வம்பு வந்தது.

இவ்வளவு பேரும் கூடியது ஒரு லிஃப்டுக்காக.

எங்கள் வீடு ஆறாவது மாடியில். அக்காவுக்கு இதயம் பலவீனம். மாடிப்படியைப் பற்றி மருத்துவரைக் கேட்டபோது, "இறங்கலாம், மெதுவா. ஏறக் கூடாது" என்றார். இறங்கியவள் எப்படித் திரும்புவாள் என்று அவர் சொல்லவில்லை. அது அவர் துறை இல்லை. லிஃப்ட் ஓடிய வரையில் எங்களுக்கும் அந்தக் கேள்வி எழவில்லை.

அக்கா தினமும் மாலை லிஃப்டில் இறங்கி, தெருவைத் தாண்டி, நூல்கடையில் போய் உட்காருவாள். கடைக்காரி அவள் சிநேகிதி. கலந்து கிடக்கும் பொத்தான்களை நிறம் பார்த்து ஜாடிகளில் பிரித்துப் போடுவாள். கை நடுங்கும் என்பதால் பாதிப் பொத்தான் தரையில் உருளும். கடைக்காரி திட்டிக்கொண்டே பொறுக்குவாள். அந்த நடுக்கத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை. வீட்டுக்குள் இருப்பது வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஒரு நாள் லிஃப்ட் கீழ்த்தளத்தில் வந்து நின்றதோடு சரி. மேலே மோட்டார் அறையில் ஒரு சக்கரம் தேய்ந்துபோனதாகச் சொன்னார்கள். அக்கா ஜன்னலோடு நின்றுவிட்டாள். சாயங்காலமானால் கடைக்காரி தெருவில் நின்று கத்துவாள்.

"ஏய்! பட்டனெல்லாம் மலையாக் கெடக்குடி. எப்ப வர்றே?"

"லிஃப்டக் கேளுடி!"

"லிஃப்டு எங்கிட்டப் பேச மாட்டேங்குது!"

ஆறாவது மாடிக்கும் தெருவுக்குமாக இப்படிக் கூச்சல் போடுவது எங்கள் குடும்பத்துக்கு அழகில்லை. தம்பியைக் குடியிருப்பு அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

தம்பி சூதுவாது தெரியாதவன். கேட்டால் கிடைக்கும் என்று நினைக்கிறவன். அங்கே இருந்த அதிகாரி அவனைக் கண்டதும் எழுந்து கை கொடுத்திருக்கிறார்.

"லிஃப்ட் நின்னுபோச்சா? நல்ல நேரத்துல வந்தீங்க. ரிப்பேருக்குன்னு இந்த வருஷம் எங்ககிட்ட ஒண்ணும் கெடையாது. ஆனா பங்கேற்புக்கு நிறைய ஒதுக்கியிருக்காங்க."

"எதுல சார் பங்கேற்கணும்?"

"அத நீங்கதான் சொல்லணும். அதுக்குப் பேருதான் பங்கேற்பு."

தம்பி திருதிருவென விழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "அண்ணே, லிஃப்ட சரி பண்ண ஆள் வர்றாங்கன்னு நெனைக்கிறேன்" என்றான். ஆட்கள் வந்தார்கள்.

அலுவலகம் அனுப்பிய கலை மையத்தின் வேனிலிருந்து முக்காலிகளும் வண்ண ஒட்டுத்தாள்களும் பெரிய நூல்கண்டு ஒன்றும் இறங்கின. பின்னால் இயக்குநர் அம்மாள் இறங்கினார். பேசும்போது எதிராளியின் முழங்கையைத் தொட்டுக்கொண்டே பேசுகிற பெண்மணி. கலைஞர் பட்டறைத் தொழிலாளி போடுகிற நீல உடுப்பு அணிந்திருந்தார். அதில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறைகூட இல்லை.

கூடத்தில் முக்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். எங்கள் குடும்பத்தில் நாலு பேர் முன்னால் முக்காலியில் உட்கார்ந்த ஆண் கிடையாது என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். இயக்குநர் அம்மாள் தாமே போய்க் கைவைத்த நாற்காலி ஒன்றை எடுத்துவந்து போட்டார்.

"ஐயாதான் இந்தச் சமூகத்தோட நினைவு" என்றார்.

"நான் உயிரோடதான் இருக்கேன்" என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து எனக்கு 'மூத்த பங்கேற்பாளர்' என்று பெயர். அவர்களைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் ஆள் தரம் அறிந்து நடந்துகொள்ளத் தெரிந்தவர்கள் என்பதை மறுக்க மாட்டேன்.

முதல் நாள் நூல்கண்டு. யார் கைக்கு வருகிறதோ அவர், தான் இழந்த ஒன்றைச் சொல்லி, நூலைப் பிடித்தபடி கண்டை இன்னொருவருக்கு வீச வேண்டும். தையல்காரர் இளமையை இழந்ததாகச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் நம்பிக்கையை இழந்ததாகச் சொன்னார். தம்பி, "லிஃப்ட" என்றான். இப்படியே போய், கடைசியில் எல்லோரையும் நூல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிப்போட்டுவிட்டது.

"பாத்தீங்களா?" இயக்குநர் அம்மாளுக்குக் குரல் தழுதழுத்தது. "நாம எல்லாரும் இணைஞ்சிருக்கோம்."

"மேடம், எனக்கு ஷிஃப்ட் இருக்கு. இதுலேருந்து எப்படி வெளிய வர்றது?" என்றான் தம்பி.

"வெளிய வர முடியாதுங்கறதுதான் சார் சமூகம்."

தையல்காரரின் கத்தரிக்கோலால் அறுத்துத்தான் அவனை விடுவித்தோம். அன்று முழுவதும் கணுக்காலில் ரோஜா நிற நூலோடு பஸ் ஓட்டியிருக்கிறான்.

அடுத்து விதிகள். கைதட்டக் கூடாது, சத்தம் கேட்டால் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் ஒடுங்கிப்போவார்களாம். ஒரு கருத்துக்குச் சம்மதம் என்றால் கையை உயர்த்தி விரல்களை ஆட்ட வேண்டும். மறுப்பு என்றால் கையை உயர்த்தி அசையாமல் வைத்திருக்க வேண்டும். வாயால் சொல்வது கணக்கில் வராது. "வாய் அதிகாரத்தோட கருவி. உடம்பு பொய் சொல்லாது" என்றார் இயக்குநர் அம்மாள், ஒலிபெருக்கியில்.

பிறகு ஒட்டுத்தாள்கள். லிஃப்ட் உங்களுக்கு என்ன என்று எழுதி லிஃப்டுக்குள் ஒட்ட வேண்டும். தம்பி, 'சீக்கிரம் ரிப்பேர் பண்ணுங்க' என்று எழுதினான். கலைஞர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

"சீக்கிரம்னா என்ன? ரிப்பேர்னா என்ன? பண்ணுங்கன்னு யார் யாரக் கேக்கறாங்க?"

"நான் உங்களக் கேக்கறேன்."

கலைஞர் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மறுநாள் அந்த மூன்று சொற்களும் லிஃப்டின் பின்சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதப்பட்டிருந்தன. கீழே தம்பியின் கையெழுத்தும் போட்டிருந்தார்கள், அவனைக் கேட்காமலே.

இந்த வேளையில்தான் மெக்கானிக் புதுச் சக்கரத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். எங்கோ மேலிடத்தில் ஒரு கடிதம் தவறிப்போய்ச் சரியான மேசைக்கே சென்றிருக்க வேண்டும். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. மெக்கானிக்கைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினான். இயக்குநர் அம்மாள் குறுக்கே வந்து நின்றார்.

"பழுதுங்கறது ஒரு காயம்" என்றார். "அத அவசரப்பட்டு மூடிட்டா, அது என்ன சொல்ல வந்துச்சுன்னே நமக்குத் தெரியாமப் போயிடும். லிஃப்ட் ஓடினப்ப நீங்க யாராவது யாரோடயாவது பேசினீங்களா? இப்ப மாடிப்படியில மூச்சு வாங்க நிக்கறப்ப ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறீங்க. இந்த உறவ ஒரு சக்கரத்துக்காக உடைக்கப் போறோமா? நான் சொல்லல, நீங்களே யோசிங்க. எங்க மையம் இதுவரைக்கும் எந்தச் சமூகத்தோட பிரச்சினையையும் தீர்த்ததில்ல. அதுல நாங்க ரொம்ப உறுதியா இருக்கோம்."

எல்லோரும் விரலை ஆட்டினார்கள். மெக்கானிக்கை வட்டத்தின் நடுவில் நிறுத்தி, சக்கரத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள்.

"கனமா இருக்கு. எங்க வெக்கறது?" என்றான்.

கூடம் முழுக்க விரல்கள் ஆடின. பிறந்ததிலிருந்து யாரும் அவனைப் பார்த்து விரல் ஆட்டியதில்லை போலும். அந்த இடத்திலேயே ஆள் கெட்டான். சக்கரம் ஒரு பீடத்தில் ஏறியது. இரண்டு வாரத்தில் மெக்கானிக்கும் கறை படாத நீல உடுப்பில் வந்தான். தம்பி அவனைத் தனியாக அழைத்துப்போய்க் கெஞ்சியிருக்கிறான்.

"ஏம்ப்பா, ஒரு மணி நேர வேலைன்னு நீதானே சொன்னே?"

"ஸ்பேனரப் புடிச்சா கையோட மொழி போயிடும் சார். அடுத்த மாசம் வெளியூர்க் கண்காட்சியில என் கைய மட்டும் தனியாக் காட்டறாங்க."

அதற்குள் கலைஞர் ஆறு மாடியும் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கா தண்ணீர் கொடுத்தாள். டம்ளர் தட்டில் கடகடவென்று ஆடியது. கலைஞர் தமது ஒலிப்பதிவுக் கருவியை முடுக்குவதில் மும்முரமாக இருந்தார்.

"காத்திருப்புன்னா உங்களுக்கு என்னம்மா?"

"காத்துக் கெடக்கறதுதான்."

"எதுக்காக?"

"லிஃப்டுக்காக. நீ எதுக்காக வந்தே?"

"உங்க மௌனத்தப் பதிவு பண்ண."

"அப்ப வாய மூடிட்டு உக்காரு."

உட்கார்ந்தார். அக்காவின் மூச்சையும், நடுவில் ஒரு இருமலையும், ஜன்னல் கதவின் கிறீச்சையும் பதிவுசெய்துகொண்டு போய் லிஃப்டுக்குள் ஓடவிட்டார். வெளியே பலகை வைத்தார்கள்: 'காத்திருப்பு. இணைக் கலைஞர்: ஆறாம் மாடி அம்மாள்.' எங்கள் குடும்பத்தில் பலகையில் பெயர் வந்த முதல் பெண் அவள்தான். பெயர் வரவில்லை என்றாலும் மாடி வந்தது.

பார்வையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். ஓடாத லிஃப்டுக்குள் கண்ணை மூடி நின்று, அக்காவின் இருமலைக் கேட்டுவிட்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் வெளியே போனார்கள். தையல்காரர் வாசலில் பெஞ்சு போட்டு அவர்களுக்குத் தேநீர் விற்றார். பிறகு லிஃப்ட் படம் தைத்த துணிப்பையும் விற்றார். இளமை திரும்பிவிட்ட மாதிரி நடந்தார்.

நூல்கடைக்காரியும் வந்து கேட்டுவிட்டுத் தெருவில் நின்று கத்தினாள். "அடியே, உன் மூச்சத் திருடிக் கீழ மாட்டி வெச்சிருக்கானுங்கடி!"

"நல்லா இருக்கா?"

"இருமல் நல்லா இருக்கு!"

அக்கா சிரித்தாள். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு, "எனக்கு அவ கடைக்குப் போகணும்டா" என்று என்னிடம் சொன்னாள். அவள் என்னிடம் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள். நானே இயக்குநர் அம்மாளைப் பார்க்கப் போனேன், தம்பியையும் அழைத்துக்கொண்டு.

"முடிவு எங்க கையில இல்லைங்க ஐயா" என்றார் அவர், என் முழங்கையைத் தொட்டபடி. "வட்டம் கூடி, படைப்பு போதும்னு சொன்னா, அன்னைக்குச் சாயங்காலமே வேற மெக்கானிக் வந்து சக்கரத்த மாட்டிடுவாரு. ஆனா இணைக் கலைஞர் நேர்ல வந்து உக்காரணும். அவங்க இல்லாம முடிவெடுத்தா அது அபகரிப்பு."

"அவங்க கீழ வர முடியாததாலதானே மேடம் லிஃப்ட கேக்கறோம்?" என்றான் தம்பி.

"அதனாலதான் சார் அவங்க வர்றது முக்கியம்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர்களும் முதல் மாடிக்காரர்களும் லிஃப்ட் ஓடக் கூடாது என்பார்கள். தேநீரும் துணிப்பையும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மேல்மாடிக்காரர்கள் ஓட வேண்டும் என்பார்கள். இரண்டாம் மாடி இரண்டு மனதாக இருந்தது. இரு பக்கமும் சமம். அக்கா இறங்கிக் கையைத் தூக்கினால் லிஃப்ட் ஓடும், ஓடும் லிஃப்டில் அவள் வீட்டுக்கு ஏறி வந்துவிடலாம். இறங்கலாம் என்று மருத்துவரே சொல்லியிருக்கிறார்.

அக்கா நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டாள். யார் கையையும் பிடிக்காமல், கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஒவ்வொரு மாடியிலும் அண்டை வீட்டார் நின்று விரலை ஆட்டினார்கள். கலைஞர் கேமராவோடு பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அக்காவை நிறுத்தினார்.

"அம்மா, வெளிச்சம் சரியா விழல. ஒரே ஒரு படி மேல ஏறி, திரும்ப எறங்க முடியுமா?"

"ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருய்யா!" என்றான் தம்பி.

"ஒரு படிதான் சார்."

அக்கா ஏறினாள். சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். அந்தப் படத்தைத்தான் பிறகு அழைப்பிதழில் போட்டார்கள்.

கூடத்தில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் அவளுக்கு முக்காலி. நான் என் நாற்காலியைக் கொடுக்க எழுந்தேன். அது மூத்த பங்கேற்பாளருக்கு உரியது என்று இயக்குநர் அம்மாள் சொன்னதால் உட்கார்ந்துவிட்டேன். வாசற்படியில் நூல்கடைக்காரி நின்றாள். உள்ளே வந்தவளைத் தடுத்து, மையத்தின் வரைபடத்தில் சமூகத்தின் எல்லைக் கோடு தெருவுக்கு இந்தப் பக்கமே முடிந்துவிடுகிறது என்று சொல்லியிருந்தார்கள்.

"இணைக் கலைஞர் ஏதாவது சொல்ல விரும்பறாங்களா?"

"லிஃப்ட ஓட விடுங்க. நான் மேல போகணும்" என்றாள் அக்கா.

"மேல!" என்று இயக்குநர் அம்மாள் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். "கேட்டீங்களா? வீட்டுக்குன்னு சொல்லல. மேலன்னு சொன்னாங்க." கலைஞர் எழுதிக்கொண்டார். "இப்ப உடம்பு பேசட்டும். இந்தப் படைப்பு தொடரலாமா? சம்மதம்னா விரல்கள். மறுப்புன்னா அசையாத கை."

கைகள் உயர்ந்தன. கீழ்வீடுகளின் விரல்கள் ஆடின. மேல்மாடிக் கைகள் விறைத்து நின்றன. எங்கள் வீட்டுக்காகத் தம்பியின் கை கம்பம் மாதிரி நின்றது. இரண்டாம் மாடியில் மருந்துக்கடைக்காரர் விரலை ஆட்டினார், அடுத்த வீட்டுக்காரர் ஆட்டவில்லை. நான் நினைத்தபடியே சமம். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா வலது கையை உயர்த்தினாள், மறுப்பதற்காக. எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவு உயர்த்தினாள். அது நடுங்கியது.

"பாருங்க" என்றார் இயக்குநர் அம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த விரல்களைப் பாருங்க."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கையை நிறுத்தப் பார்த்தாள். நிறுத்த நிறுத்த அது அதிகமாக ஆடியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டும் சேர்ந்து ஆடின.

"ரெண்டு கையாலயும்!" என்றார் கலைஞர்.

"இல்ல, இல்ல, நான் வேணாங்கறேன்" என்றாள் அக்கா.

"வாய் வேண்டாம்மா. கை சொல்லிடுச்சு."

வாசற்படியிலிருந்து நூல்கடைக்காரி கத்தினாள். "அறிவு கெட்டவங்களா, அவளுக்குக் கை நடுங்குது! வருஷக்கணக்கா நடுங்குது! பட்டன் பொறுக்கிப் பொறுக்கி என் இடுப்பே போச்சு!"

"நீங்க இந்தச் சமூகத்துல இல்லீங்களே" என்றார் இயக்குநர் அம்மாள் மிகவும் கனிவாக.

"ரோட்டத் தாண்டினா மனுஷங்க இல்லையா?"

"உங்க தெருப் பக்கத்துக்கு அடுத்த வருஷம் வருவோம்."

தம்பி எழுந்தான். "அந்தம்மா சொல்றது..." என்று ஆரம்பித்தான். நான் அவனைப் பார்த்தேன். மென்று விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தான். அப்போது இயக்குநர் அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"வெளியாட்கள் எதுக்கு? குடும்பத்துப் பெரியவரே இருக்காரு. ஐயா சொல்லட்டும். அம்மாவுக்குக் கை நடுக்கம் உண்டா?"

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நடுக்கத்துக்கு மாத்திரை விற்கிறவர் அவர். அது பரம்பரையாக வருமா வராதா என்று யோசிக்கத் தெரிந்தவர். அவர் வீட்டுக்கு வாழப்போகிறவள் தம்பி மகள், எங்கள் வீட்டுப் பெண்.

"சொல்லேன்டா" என்றாள் அக்கா. கைகள் இன்னும் மேலேதான் இருந்தன.

நான் எழுந்து நின்று சொன்னேன். "எங்க குடும்பத்துல யாருக்கும் கை நடுங்கினது கிடையாது."

அக்கா என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்பா இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார், அது அவளுக்கும் தெரியும். கைகளை இறக்கி மடியில் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்திக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். படைப்பு தொடரும் என்று அறிவித்தார்கள். தம்பி முக்காலியை உதைத்துக் கவிழ்த்து, "அநியாயம், இது அநியாயம்!" என்று கத்தினான். இவ்வளவு ஆழமான பங்கேற்பைத் தாம் எந்த ஊரிலும் கண்டதில்லை என்றார் இயக்குநர் அம்மாள்.

கூட்டம் கலைந்தது. அக்கா முக்காலியிலேயே இருந்தாள்.

"இப்ப நான் எங்க போறது?" என்றாள்.

"என் கடைக்குப் பின்னால ரூம் இருக்கு. எந்திரிடி" என்று நூல்கடைக்காரி கோட்டைத் தாண்டி உள்ளே வந்து அவள் கையைப் பிடித்தாள். அக்கா எழுந்தும்விட்டாள்.

நான் கூடாது என்றேன். ஆறாவது மாடியில் சொந்த வீடு இருக்க, எங்கள் வீட்டுப் பெண் எதிர்ச்சாரிக் கடையின் பின்கட்டில் படுத்துக் கிடக்கிறாள் என்று பேச்சு வரக் கூடாது. அதுவும் சம்பந்தம் பேசுகிற நேரத்தில்.

"அண்ணே, நான் முதுகுல தூக்கிட்டு மேல போறேன்" என்றான் தம்பி.

பார்வையாளர்கள் இன்னும் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவை மூட்டை மாதிரி முதுகில் ஏற்றிக்கொண்டு அவர்கள் கேமரா முன்னால் போவதா? கூடாது என்றேன். தையல்காரர் தம் வீட்டு முன்னறையைத் தருவதாகச் சொன்னார். எதிராகக் கை ஆட்டியவன் வீட்டில் கை நனைப்பதா? அதற்கும் கூடாது என்றேன்.

"மூணு பேர் வழி சொல்றாங்க. மூணுக்கும் நீயே பதில் சொல்றே" என்றாள் அக்கா.

அப்போது இயக்குநர் அம்மாள் வந்தார். கலைஞர்களைத் தங்கவைத்து கௌரவிக்கும் திட்டம் ஒன்று மையத்தில் இருக்கிறதாம். உறைவிடக் கலைஞர் என்று பெயராம். பெரிய பெரிய ஆட்கள் கேட்டும் கிடைக்காததாம். லிஃப்ட் அகலமானது, விளக்கும் மின்விசிறியும் இருக்கின்றன, கூடத்தின் பின்னால் குளியலறை இருக்கிறது.

நான் யோசித்தேன். மற்ற மூன்றும் தயவு. இது பட்டம். தயவுக்கும் பட்டத்துக்கும் வித்தியாசம் தெரிந்த குடும்பம் எங்களுடையது. சரி என்றேன்.

அக்கா நூல்கடைக்காரியின் கையை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"நீ மேல போ" என்றாள். "உன் குடும்பப் பேரத் தனியா விட்டுட்டு வந்திருக்கே. ஜன்னல் வழியாக் கீழ விழுந்துடப் போவுது."

சொல்லிவிட்டுத் தானே நடந்து லிஃப்டுக்குள் போனாள். தம்பி எழுதிய மூன்று சொற்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அன்றே ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள்.

மறு வாரம், குடியிருப்பு அலுவலகத்திலிருந்து வேறொரு மெக்கானிக் உண்மையாகவே வந்தான். சக்கரத்தைப் பீடத்திலிருந்து இறக்கித் தோளிலும் வைத்துவிட்டான். பிறகு லிஃப்டுக்குள் எட்டிப் பார்த்தான். ஆள் குடியிருக்கிற லிஃப்டில் வேலை செய்யப் பாதுகாப்பு விதி இடம் தராது என்று சொல்லி, சக்கரத்தைத் திரும்ப ஏற்றி வைத்துவிட்டுப் போனான்.

நூல்கடைக்காரி மாலையில் பொத்தான் ஜாடிகளோடு வருகிறாள். பார்வையாளர் வரிசையில் நின்றால்தான் உள்ளே விடுகிறார்கள். அக்கா தட்டில் கொட்டிப் பிரிக்கிறாள், பாதி உருண்டு லிஃப்டின் இடுக்கில் விழுகிறது. அதைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார். தம்பி எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அக்காவுக்குச் சாப்பாடு கொண்டு கொடுத்துவிட்டு, என் கதவைத் தாண்டித் தன் அறைக்குப் போகிறான். மருந்துக்கடைக்காரர் வீட்டில் கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள். இவ்வளவு பெயர் பெற்ற குடும்பத்தில் பெண் எடுப்பதில் தங்களுக்குப் பெருமை என்று அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறேன். இப்போதெல்லாம் தெருவில் யாரும் கத்துவதில்லை.

எதிர்ச்சாரியில் ஒரு வதந்தி உலவுகிறது. கல்யாணம் நெருங்கும் நேரத்தில் அக்காவை நாங்கள் தெருவில் விட்டுவிட்டோம் என்கிறார்கள். அது பொய். அக்கா தெருவில் இல்லை. கட்டடத்துக்குள், கீழ்த்தளத்தில், விளக்கும் கதவும் உள்ள இடத்தில் இருக்கிறாள். திங்கட்கிழமைகளில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.